களியும் நீறும்: மண்ணைப் பதப்படுத்திய வரலாறும் அதன் சொற்களும்



நீர் பட்டால் வீங்கியும் வெயில் பட்டால் சுருங்கி வெடித்தும் நிலைமாறும் களிமண் உலகின் பல பகுதிகளில் உண்டு. அதன்மேல் எழுப்பிய சுவர் பிளக்கும். இட்ட சாலை அலையலையாய் நெளியும். வெட்டிய வாய்க்காலின் கரை சரியும். அமெரிக்காவில் இத்தகைய மண்ணால் ஆண்டுதோறும் விளையும் இழப்பு ஏறத்தாழ 230 கோடி டாலர் என்றும், அது வெள்ளம், புயல், நிலநடுக்கம் ஆகியவற்றால் நேரும் இழப்பினும் மிகுதி என்றும் ஜோன்ஸ், ஹோல்ட்ஸ் என்னும் இருவர் 1973ஆம் ஆண்டில் கணித்துக் காட்டினர். மறைந்திருக்கும் பேரிடர் என்பது அவர்கள் அதற்கு இட்ட பெயர்.

இம்மண்ணை அடக்குவதற்குச் சுண்ணாம்பு தொன்றுதொட்டுப் பயன்பட்டு வந்துள்ளது. இன்று அதனுடன் அனல்மின் நிலையச் சாம்பல், செம்பனை ஆலைச் சாம்பல், இரும்பாலைக் கசடு முதலிய தொழிற்கழிவுகளையும் கலந்து ஆராய்கின்றனர். நம் ஜொகூர் மாநிலத்தின் பல்கலைக்கழகங்களிலும் இவ்வாராய்ச்சி நடைபெற்று வருகிறது. அதன் வரலாற்றைக் கூறுவதே இப்பொழிவின் நோக்கம்.

மொழியியல் பயின்றவனுக்கு மண்ணில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றலாம். மண்ணைப் பற்றிய அறிவு ஆய்வுக்கூடத்தில் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே சொற்களில் சேர்ந்து தங்கியிருந்தது. உழவரும் குயவரும் கொத்தரும் இட்ட பெயர்களில் அவர்தம் பட்டறிவு அடங்கியுள்ளது. அப்பெயர்களின் வழியே சென்றால் இவ்வறிவியலின் வரலாறு தெளிவாக விளங்கும். வேறொன்றும் விளங்கும்: கழிவு என்று ஒதுக்கிய பொருள் மண்ணுக்கு மருந்தாவது பெயரை மாற்றுவதால் அன்று, அளவாலும் சோதனையாலுமே ஆகும். இதுவே இப்பொழிவின் கருத்து.

1. மண்ணுக்கு இட்ட பெயர்கள்

தமிழில் மண்வகைகளைக் குறிக்கும் சொற்கள் பல. கரிசல், செவல், வண்டல், களர், உவர், சவுடு, கரம்பை, சரளை எனப் பட்டியல் நீளும். இவற்றுட் சில நிறத்தால் வந்தவை. சில சுவையால் வந்தவை. சில மண் வந்து சேர்ந்த விதத்தால் வந்தவை. ஒவ்வொன்றும் உழவனுக்கு ஒரு செய்தியைத் தருகிறது. களர் என்றால் பயிர் எழாது. வண்டல் என்றால் ஆறு கொணர்ந்தது. கரிசல் என்றால் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பருத்தியை வளர்க்கும், ஆனால் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும்.

கரிசல்தான் நம் தலைப்புக்குரிய வீங்கும் களிமண்ணின் சிறந்த எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டில் கோவில்பட்டி, விளாத்திகுளம், விருதுநகர் வட்டாரங்களில் இது பரந்து கிடக்கிறது. தக்காணத்தில் இதன் பரப்பு இன்னும் பெரிது. ஆங்கிலேயர் இதனைப் பருத்திக் கருமண் என்றனர். தெலுங்கிலுள்ள ரேகட என்னும் சொல்லைத் தழுவி ரெகுர் என்றும் எழுதினர். கரிசல் வட்டார வழக்குச் சொற்களைத் தொகுத்து அகராதியாக்கிய எழுத்தாளர் கி. ராஜநாராயணன் பிறந்த ஊரின் பெயர் இடைசெவல். கரிசலின் பெரும் எழுத்தாளரது ஊர்ப்பெயரிலேயே செம்மண்ணைக் குறிக்கும் செவல் இருப்பதைக் காண்கிறோம். கரிசலும் செவலும் அடுத்தடுத்துக் கிடக்கும் நிலத்தில் எது எங்கே தொடங்குகிறது என்பதை அறிந்துகொள்வது வாழ்க்கைத் தேவையாக இருந்தது. வீடு கட்டுவோனுக்கும் கிணறு வெட்டுவோனுக்கும் அவ்வேறுபாடு பொருளிழப்பா பொருட்காப்பா என்பதைத் தீர்மானித்தது.

அறிவியலார் இட்ட பெயர்களும் பெரும்பாலும் ஓர் இடத்தையோ மக்கள் வழக்கையோ சார்ந்தே பிறந்தன. பீங்கான் செய்ய உதவும் கயோலின், சீனத்தின் ஜிங்தேஜென் நகருக்கு அருகிலுள்ள காவ்லிங் என்னும் இடத்தால் பெயர்பெற்றது. கரிசலை வீங்கச் செய்யும் கனிமம் மாண்ட்மோரில்லோனைட்டு. பிரான்சு நாட்டின் மாண்ட்மோரில்லோன் என்னும் ஊரால் 1847இல் அதற்கு அப்பெயர் இடப்பட்டது.

இவற்றுள் நமக்கு நெருக்கமானது லேட்டரைட்டு என்னும் பெயர். பிரான்சிஸ் புக்கானன் என்பவர் மைசூர், கன்னடம், மலபார்ப் பகுதிகளில் பயணம் செய்து 1807இல் நூல் வெளியிட்டார். மலபாரின் அங்காடிப்புறம் என்னும் ஊரில், வெட்டியெடுக்கும்போது மென்மையாகவும் காற்றுப்பட்டதும் கடினமாகவும் ஆகும் மண்கல்லை அவர் கண்டார். அவ்வட்டார மொழிகள் சிலவற்றில் அது செங்கற்கல் என்னும் பொருள்பட இட்டிக்கல் எனப்படுவதைக் குறித்துக்கொண்டார். பின்னர் செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு லேட்டரைட்டு என்று பெயரிட்டார். திராவிட மக்களின் வழக்குச் சொல்லின் பொருளே இலத்தீன் உருவில் உலக அறிவியலுக்குள் நுழைந்தது எனலாம். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 1979இல் அங்காடிப்புறத்தில் இதற்கு நினைவுக்கல் நாட்டியது. ஜொகூரின் தோட்டங்களில் நம் முன்னோர் நடந்த செம்மண் சடக்குகளிற் பலவும் இக்கல்லின் சரளையால் ஆனவையே.

2. களி ஏன் வீங்குகிறது

களிமண்ணின் துகள் கண்ணுக்குப் புலனாகாத அளவு சிறிய தகடுகளால் ஆனது. சிலிக்காத் தகடும் அலுமினாத் தகடும் அடுக்கடுக்காக அமைந்து ஒரு புத்தகத்தின் ஏடுகளைப் போல் விளங்கும். கயோலினில் இவ்வேடுகள் இறுகப் பற்றிக்கொண்டிருப்பதால் நீர் உள்ளே புகுவதில்லை. மாண்ட்மோரில்லோனைட்டிலோ ஏடுகளுக்கு இடையிலுள்ள பிணைப்பு தளர்வானது. நீர் இடையில் புகுந்து ஏடுகளை விலக்குகிறது. மண் பொருமி எழுகிறது. நீர் வெளியேறியதும் ஏடுகள் நெருங்குகின்றன. மண் சுருங்கி வெடிக்கிறது. ஆண்டுதோறும் இவ்வாறு மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும் நிலத்தின்மேல் கட்டடம் நிலைப்பது அரிது.

ஆகவே களியைப் பற்றிய அறிவு என்பது பெரும்பாலும் களிக்கும் நீருக்கும் உள்ள உறவைப் பற்றிய அறிவே. இதற்குத் தமிழில் பதம் என்னும் அருமையான சொல் உண்டு. பாகு பதம், மாவுப் பதம், உழவுப் பதம் என்கிறோம். ஒரு பொருள் நீராலோ வெப்பத்தாலோ ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு மாறும் அந்த எல்லையைக் கையால் அறிவதே பதம் பார்த்தல். குயவர் களியை மிதித்து மணலோ சாம்பலோ சேர்த்துப் பிசைவதும், செங்கல் அறுப்போர் உமி கலப்பதும் இப்பதத்தை நாடியே. கலவாத களி சூளைக்குச் செல்லுமுன்னரே வெடித்துவிடும் என்பது அவர்கள் அறிந்த உண்மை. களியில் வேற்றுப்பொருள் சேர்த்து அதன் வெடிப்பை அடக்கும் கலை அந்த வகையில் மிகப் பழையது.

சுவீடன் நாட்டு அறிஞர் ஆல்பர்ட் அட்டர்பெர்க் 1911ஆம் ஆண்டளவில் இப்பதங்களுக்கு எண்ணளவு கொடுத்தார். மண் எவ்வளவு நீரில் குழம்பாகி ஓடத் தொடங்குகிறது என்பது நீர்ம எல்லை. எவ்வளவு நீரில் பிசைந்து உருட்டத் தக்கதாகிறது என்பது நெகிழ் எல்லை. இதற்கு மேல் உலர்ந்தாலும் சுருங்காது என்னும் நிலை சுருங்கல் எல்லை. நெகிழ் எல்லையைக் காணும் சோதனை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. மண்ணை ஈரமாக்கிக் கண்ணாடித் தட்டின்மேல் உள்ளங்கையால் திரிபோல உருட்ட வேண்டும். ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு வரும்போது திரி உதிரத் தொடங்குமாயின் அப்போதுள்ள நீரளவே நெகிழ் எல்லை. இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இது கையாலேயே செய்யப்படுகிறது. நீர்ம எல்லைக்கும் நெகிழ் எல்லைக்கும் உள்ள இடைவெளி பெரிதாக இருந்தால் அம்மண் ஐயத்திற்குரியது. வீங்கும் இயல்பு மிகுந்திருக்கக்கூடும். மண்ணை நிலைப்படுத்தல் என்று பாடநூல்கள் கூறுவது இவ்விடைவெளியைக் குறைத்து, பின்னர் மண்ணை இறுகச் செய்வதே. அதனைப் பதப்படுத்தல் என்று கூறினால் மாணவர்க்கு உடனே விளங்கும்.

3. நீறு என்னும் சொல்லின் இரு பொருள்

களிக்கு முதல் மருந்து சுண்ணாம்பு. சுண்ணாம்பைச் சுட்டெடுப்பதையும் நீர் தெளித்துப் பொடியாக்குவதையும் நீற்றுதல் என்கிறோம். நீறு என்பது அவ்வாறு நீற்றிய சுண்ணாம்பையும் குறிக்கும், சாம்பலையும் குறிக்கும். திருநீறு என்பதில் அது சாம்பல். தீயில் வெந்து பொடியான இரண்டையும் நம் மொழி ஒரு சொல்லால் வழங்கியது. சொல் ஒன்றாக இருப்பதனால் வேதியியலும் ஒன்று என்று முடிவு கட்டுதல் கூடாது. ஆயினும் அவ்விரு நீறும் கூடும்போதுதான் கட்டடக் கலையின் பெரும் வலிமை பிறந்தது என்பதை வரலாறு காட்டுகிறது.

உரோமர் இத்தாலியின் பொட்சுவோலி நகருக்கு அருகிலிருந்த எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்து, நீருக்கடியிலும் இறுகும் காரையைச் செய்தனர். அவ்வூர்ப் பெயரே இன்று பொசொலானா என்னும் பொதுச்சொல்லாகி, சுண்ணாம்புடன் கூடி இறுகும் சாம்பல்வகை அனைத்தையும் குறிக்கிறது. இந்தியாவில் எரிமலைச் சாம்பலின் இடத்தை வெந்த செங்கல்லின் பொடி பெற்றது. செந்நிறத்தைச் சுட்டும் பாரசீகச் சொல்லால் அது சுர்க்கி எனப்பட்டது. 1887இல் தொடங்கி 1895இல் பென்னிகுவிக் தலைமையில் முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் எழுந்தது என்பதைத் தமிழர் நன்கறிவர். எரிமலைச் சாம்பல், செங்கற்பொடி, இன்றைய மின்நிலையச் சாம்பல் ஆகிய மூன்றும் ஒரே குடும்பம். மூன்றும் தீயால் மாற்றம் பெற்ற சிலிக்காவும் அலுமினாவும் மிக்கவை.

சுண்ணாம்பு களியில் இரு படியாகச் செயற்படுகிறது. முதற்படி சில மணி நேரத்திலேயே நிகழ்கிறது. சுண்ணாம்பிலுள்ள கால்சியம் களித்தகடுகளின் மேற்பரப்பில் உள்ள சோடியம் போன்றவற்றை விலக்கி அவ்விடத்தில் அமர்கிறது. தகடுகள் ஒன்றோடொன்று திரண்டு பொலபொலவென்று மணல்போல் ஆகின்றன. பசை குறைந்து, மண் கைக்கு அடங்குகிறது. இரண்டாம் படி மெதுவானது. சுண்ணாம்பினால் மண்ணின் காரத்தன்மை மிக உயர, களியிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து கால்சியத்துடன் கூடி, சிமெண்டைப் போன்ற பிணைப்பொருளை உண்டாக்குகின்றன. இது வாரங்களும் திங்களும் ஆண்டுகளும் தொடரக்கூடும். சாம்பல் சேர்ப்பதன் பயன் இவ்விரண்டாம் படியில்தான் மிகுதி: கரைந்து கூடுவதற்குரிய சிலிக்காவை அது கூடுதலாகத் தருகிறது.

சாலைக்கட்டுமானத்தில் சுண்ணாம்பை முறைப்படி களியுடன் கலக்கும் வழக்கம் 1940களில் அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் வளர்ந்தது. எவ்வளவு சுண்ணாம்பு தேவை என்னும் வினாவுக்கு ஈட்ஸ், கிரிம் ஆகிய இருவர் 1966இல் எளிய சோதனை ஒன்றை வகுத்தனர். மண்குழம்பின் காரத்தன்மையை 12.4 என்னும் அளவுக்கு உயர்த்தும் மிகக் குறைந்த சுண்ணாம்பே தொடக்க அளவு என்பது அவர்கள் முறை. பெரும்பாலான களிகளுக்கு மண்ணின் எடையில் சில விழுக்காடே போதுமானது.

இந்தியா கரிசலை வேறு வழிகளிலும் எதிர்கொண்டது. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், பருவந்தோறும் ஈரம் மாறும் மேல்மண்ணைத் தாண்டிக் கீழே இறங்கி, அடியில் குமிழ்போல் பருத்து நிற்கும் கடைக்கால் தூண்களை உருவாக்கியது. பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் ஆர். கே. கட்டி, கரிசலின்மேல் ஏறத்தாழ ஒரு மீட்டர் கனத்திற்கு வீங்காத ஒட்டுமண்ணைப் பரப்பினால் அடிமண்ணின் எழுச்சி அடங்குவதைக் கண்டு, கருநாடகத்தின் மலப்பிரபா வாய்க்கால்களில் அதனைப் பயன்படுத்தச் செய்தார். ஒன்று களியைத் தாண்டிச் செல்லும் வழி. மற்றொன்று களியை மூடும் வழி. சுண்ணாம்பும் சாம்பலும் சேர்ப்பதோ களியையே மாற்றும் வழி.

சாம்பலுக்கு இந்தியாவில் பஞ்சமில்லை. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 1962இல் இயங்கத் தொடங்கியது. பின்னர் எண்ணூர், தூத்துக்குடி, மேட்டூர் என நிலையங்கள் பெருகின. குவிந்த சாம்பலைப் பயன்படுத்துமாறு நடுவண் அரசு 1999 செப்டம்பரில் அறிவிக்கை வெளியிட்டது. அனல்மின் நிலையங்களைச் சூழ்ந்த 50 கிலோமீட்டர் வட்டத்தில் செங்கல் முதலியன செய்வோர் சாம்பலைச் சேர்க்க வேண்டும் என்று அது விதித்தது. சாம்பல் யாவும் ஒன்றல்ல என்பதையும் இங்குக் குறிக்க வேண்டும். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்புக்கூறு மிகுதியாதலின் நீர் பட்டால் அது தானே ஓரளவு இறுகும். கருநிலக்கரிச் சாம்பலில் பெரும்பாலும் அக்கூறு குறைவு. அதற்குச் சுண்ணாம்போ சிமெண்டோ துணை வேண்டும்.

4. ஜொகூர் நிலமும் அதன் நோயும்

இனி நம் நிலத்திற்கு வருவோம். ஜொகூரில் ஆண்டு முழுவதும் மழை உண்டு. ஆதலால் கோடையில் வெடித்து மழையில் வீங்கும் கரிசலின் சுழற்சி இங்கு அவ்வளவு கடுமையாக இல்லை. இங்குள்ள நோய் வேறு. மேற்குக் கரையோரமாகிய மூவார், பத்து பகாட், பொந்தியான் பகுதிகளில் கடல் படியவைத்த மென்களி ஆழமாகக் கிடக்கிறது. பல இடங்களில் அதன்மேல் தாவரம் மக்கிய கரிச்சேற்று நிலமும் உண்டு. இக்களி தன் எடையில் பெரும்பங்கு நீரைத் தாங்கி நிற்பது; சுமை ஏற்றினால் ஆண்டுக்கணக்கில் அமிழ்ந்துகொண்டே இருப்பது. வீங்கும் கனிமமும் அதில் கலந்திருப்பதுண்டு. நோய் வேறாயினும் மருந்தின் அடிப்படை ஒன்றே. நீருக்கும் களிக்கும் உள்ள உறவை மாற்றுவதே இரண்டிடத்தும் வேலை.

இந்நிலத்தின் இயல்பை ஊர்ப்பெயர்களே கூறுகின்றன. பாரிட் ராஜா, பாரிட் ஜாவா, பாரிட் சூலோங் முதலிய பெயர்களில் உள்ள பாரிட் என்பது வடிகாலைக் குறிக்கும் மலாய்ச் சொல். சதுப்பை வடித்து நிலமாக்கியவர்கள் அவ்வடிகாலாலேயே ஊருக்குப் பெயரிட்டனர். மலாயில் களிமண் தானா லியாட் எனப்படும். லியாட் என்பதற்கு எளிதில் அறாத, சவ்வுபோன்ற என்று பொருள். தமிழன் நிறத்தைக் கண்டு கரிசல் என்றான்; மலாய்க்காரர் கைக்குப் புலப்படும் இழுவைத்தன்மையைக் கண்டு லியாட் என்றனர். நெகிழ்மை என்று மண்ணியலார் அளப்பதைச் சொல்லளவில் மலாய் மொழி முன்னரே பிடித்துக்கொண்டது. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் இவ்விரு சொல்லையும் இணைத்துக் கற்றல் நன்று.

1909இல் இருப்புப்பாதை ஜொகூர் பாருவை எட்டியது. தோட்டங்களிலும் பொதுப்பணித் துறையிலும் இருப்புப்பாதையிலும் உழைத்த தமிழர் இம்மண்ணை வெட்டியும் கொட்டியும் சுமந்தும் அறிந்தவர்கள். சாலைக்குச் சடக்கு என்றும் இருப்புப்பாதைக்குக் கம்பிச் சடக்கு என்றும் அவர்கள் வழங்கிய சொற்கள் இன்றும் முதியோர் வாயில் உள்ளன. சடக்கு என்பது சாலையைக் குறிக்கும் வடநாட்டுச் சொல்லாகிய சடக் என்பதன் தமிழ் உருவம். அவர்களுடைய பட்டறிவு ஏட்டில் ஏறவில்லை. சொல்லில் மட்டும் எஞ்சியது.

ஏட்டில் ஏறிய முதற்பெருஞ் சோதனைகளுள் ஒன்று மூவாரில் நடந்தது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலைத் திட்டம் உருவான 1980களில், மலேசிய நெடுஞ்சாலை வாரியம் மூவார்ச் சமவெளியின் மென்களியின்மேல் பல்வேறு முறைகளால் சோதனைக் கரைகளை எழுப்பியது. எந்த முறை இம்மண்ணுக்கு ஏற்றது என்பதை நேரில் காண்பதே நோக்கம். அவற்றுள் ஒரு கரை எவ்விதச் சீரமைப்பும் இன்றி, இடிந்து விழும்வரை உயர்த்தப்பட்டது. எவ்வளவு உயரத்தில் விழும் என்று வல்லுநர்களிடம் முன்கூட்டியே கணிப்புக் கேட்கப்பட்டது. கணிப்புகள் ஒன்றோடொன்று பெரிதும் வேறுபட்டன. கரை ஏறத்தாழ 5.5 மீட்டர் உயரத்தில் சரிந்தது. 1989இல் கோலாலம்பூரில் நடந்த பன்னாட்டுக் கருத்தரங்கில் இம்முடிவுகள் ஆராயப்பட்டன. உலகப் புகழ்பெற்ற வல்லுநர்க்கும் களியின் நடத்தையை முன்னறிவது எளிதன்று என்பதை மூவார் உலகுக்கு உணர்த்தியது. இன்றளவும் மென்களியைப் பற்றிய ஆய்வுகளில் அவ்வூரின் பெயர் எடுத்தாளப்படுகிறது.

5. தோட்டத்திலிருந்து வந்த சாம்பல்

1980களில் ஸ்கூடாய் வளாகத்தில் நிலைகொண்ட மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், பாரிட் ராஜாவில் உள்ள துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகமும் மண்ணைப் பதப்படுத்தும் ஆய்வில் ஈடுபட்டுள்ளன. பின்னையதில் மென்மண்ணுக்கென்றே தனி ஆய்வு மையம் உண்டு. வடிகாலால் பெயர்பெற்ற ஊரில் மென்மண் ஆய்வு மையம் அமைந்தது பொருத்தமே.

இவ்வாய்வுகளில் நமக்கு நெருக்கமான பொருள் செம்பனைச் சாம்பல். செம்பனை என்பது மலேசியத் தமிழர் வழக்கில் நிலைபெற்ற நல்ல சொல். தமிழ்நாட்டார் எண்ணெய்ப்பனை என்பர். மலாயாவில் செம்பனை வணிக நோக்கில் முதன்முதலாக நடப்பட்டது 1917இல், சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில். பின்னர் அது ஜொகூரின் பெரும்பரப்பை நிறைத்தது. செம்பனை ஆலையில் குலையிலிருந்து எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் நாரும் கொட்டை ஓடும் கொதிகலனில் எரிக்கப்பட்டு ஆலைக்கு வேண்டிய நீராவியும் மின்சாரமும் பெறப்படுகின்றன. எரித்ததில் ஏறத்தாழ 5 விழுக்காடு சாம்பலாக எஞ்சும். நெடுங்காலம் அது ஆலையின் பின்புறத்தில் கொட்டப்பட்டது. 1990ஆம் ஆண்டளவில் இருந்து சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் அறிஞர் அதனைக் காரையில் சிமெண்டுக்கு ஓரளவு மாற்றாகப் பயன்படுத்தி ஆராய்ந்தனர். சிலிக்கா மிக்கதாதலின் அது பொசொலானாக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது தெளிவாயிற்று. அதன்பின் களியுடன் கலக்கும் ஆய்வுகள் எழுந்தன.

ஆனால் ஆலையிலிருந்து அள்ளிய சாம்பலை அப்படியே கொட்டினால் பயன் குறைவு. அதில் எரியாத கரி மிகுந்து கருமையாக இருக்கும். துகளும் பருமனாக இருக்கும். சலித்து, தேவையாயின் மீண்டும் சுட்டு, நுண்ணிதாக அரைத்த பின்னரே அது விரைந்து செயற்படும். சுண்ணாம்புக்கூறு குறைவாகையால் சுண்ணாம்பின் துணையும் வேண்டும். அளவு மிகுந்தாலும் தீங்கு. குறிப்பிட்ட விழுக்காட்டைத் தாண்டினால் கூடும் சாம்பல் பிணைப்பதற்குச் சுண்ணாம்பின்றி வெறும் நிரப்பியாகி, வலிமையைக் குறைக்கும்.

மற்றொன்று பொந்தியான் மாவட்டத்தின் தஞ்சோங் பின் நிலக்கரி மின்நிலையச் சாம்பல். 2,100 மெகாவாட் திறனுடன் 2006, 2007ஆம் ஆண்டுகளில் இயங்கத் தொடங்கிய அந்நிலையத்தின் சாம்பலும் அடிக்கசடும் கரைநிரப்பாகப் பயன்படுமா, மென்களியைத் தாங்குமா என்று ஸ்கூடாயில் ஆராயப்பட்டுள்ளன. மென்களி கிடக்கும் அதே மாவட்டத்தில் அதற்குரிய சேர்மானமும் குவிகிறது. ஏற்றிச் செல்லும் செலவே இத்தகைய திட்டங்களைப் பெரும்பாலும் தீர்மானிப்பதால் இவ்வண்மை சிறப்புடையது.

6. கழிவு, சுத்தி, சேர்மானம்

இவ்விடத்தில் கழிவு என்னும் சொல்லைச் சற்று நோக்குவோம். கழி என்னும் வினையடியாகப் பிறந்த இச்சொல் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது என்னும் பொருளையும் தரும். வணிகர் விலையில் தள்ளிக் கொடுப்பதும் கழிவுதான். கணக்கில் இல்லாததை யாரும் கவனிப்பதில்லை. அதுவே இச்சொல்லால் வரும் இடர். பயன் இருந்தும் கவனியாது விடுகிறோம். நஞ்சு இருந்தும் கவனியாது விடுகிறோம்.

இரண்டாவது வகைக் கவனக்குறைவின் விலையை ஜொகூர் 2019 மார்ச்சுத் திங்களில் கண்டது. பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் வேதிக்கழிவு கள்ளத்தனமாகக் கொட்டப்பட்டது. அதிலிருந்து எழுந்த நச்சுக்காற்றால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். அவருள் பள்ளி மாணவர் பலர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அது சாம்பலன்று; நம் பொருளோடு நேரடித் தொடர்பும் அதற்கில்லை. ஆயினும் கழிவு எங்குச் செல்கிறது என்று யாரும் கேளாத நிலை எங்குக் கொண்டுவிடும் என்பதற்கு நம் ஊரிலேயே உள்ள சான்று அது.

சாம்பலுக்கும் இக்கேள்வி உரியது. நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், ஈயம், குரோமியம் முதலிய கூறுகள் சிறிதளவு இருப்பதுண்டு. மழைநீர் அவற்றைக் கரைத்து நிலத்தடி நீரில் சேர்க்குமா என்பது சோதித்தறிய வேண்டியது. சுண்ணாம்போடு இறுகிய மண்ணில் இக்கூறுகள் பெரும்பாலும் பிணைந்து நிற்கும். தளர்வாகக் கொட்டிய குவியலில் அவ்வாறு நில்லா. மலேசியாவில் 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகள் இத்தகைய பொருள்களைச் சுற்றுச்சூழல் துறையின் கட்டுப்பாட்டுக்குள் வைத்திருப்பது இதனாலேயே. தமிழ்நாட்டில் எண்ணூர் உப்பங்கழியில் சாம்பற்குழம்பு கலந்து மீனவரின் பிழைப்பைக் கெடுத்தது, அவ்விதி இல்லாமலோ பேணப்படாமலோ போனால் நேர்வதைக் காட்டுகிறது.

மருந்தே நோயைப் பெருக்கிய வரலாறும் உண்டு. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ஸ்டூவர்ட் அவென்யூ என்னும் சாலையின் அடிமண் சுண்ணாம்பிட்டுப் பதப்படுத்தப்பட்டது. சில ஆண்டுகளில் அது முன்னிலும் மோசமாகப் பொருமி எழுந்தது. மண்ணில் இருந்த சல்பேட்டு சுண்ணாம்புடனும் களியின் அலுமினாவுடனும் கூடி, நீரை ஏற்று வளரும் புதிய படிகத்தை உண்டாக்கியதே காரணம் என்று 1986இல் பேராசிரியர் மிட்செல் விளக்கினார். மேற்கு ஜொகூரின் கரையோரக் களிகளிலும் கந்தகக் கனிமம் கலந்திருப்பதுண்டு. நீர் வடித்துக் காற்றுப் பட்டால் அது அமிலமாகவும் சல்பேட்டாகவும் மாறும். ஆகவே எங்கோ வெற்றி பெற்ற கலவையை இங்கு அப்படியே கொட்டுதல் தகாது. மண்ணை முதலில் அறிதல் வேண்டும்.

சித்த மருத்துவம் இவ்வுண்மைக்கு ஏற்ற சொற்களைத் தந்துள்ளது. மருந்தில் சேரும் பொருள்கள் சேர்மானம் எனப்படும். பாடாணம், இரசம் முதலிய நச்சுப்பொருள்களைச் சுத்தி செய்யாமல் சேர்த்தல் அங்குக் குற்றம். சுத்தி முடிந்து, அளவறிந்து, புடமிட்டு எடுத்ததே பற்பம். பற்பம் என்னும் சொல்லுக்கும் சாம்பல் என்பதே அடிப்பொருள். தொழிற்சாம்பலுக்கும் இவ்வொழுங்கே தேவை. சலித்தலும் அரைத்தலும் நச்சுக்கூறு சோதித்தலும் அதன் சுத்தி. காரத்தன்மையாலும் வலிமையாலும் விழுக்காடு காணுதல் அதன் அளவு. மண்ணின் நெகிழ் எல்லை அறிதல் அதன் பதம். இம்மூன்றும் நிறைந்தபோதே கழிவு சேர்மானமாகிறது. மூன்றில் ஒன்று குறைந்தாலும், எந்த நற்பெயர் சூட்டினாலும், அது கழிவாகவே மண்ணுக்குள் கிடக்கும்.

7. வகுப்பறைக்குச் சில

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். அறிவியல் பாடத்தில் மண்வகை வரும்போது கரிசல், செவல், வண்டல், களர் ஆகிய சொற்களையும் தானா லியாட், பாரிட் ஆகியவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். பள்ளி வளாகத்து மண்ணில் ஒரு பிடி எடுத்து, மாணவர் கையாலேயே திரி உருட்டச் செய்யுங்கள். எந்த ஈரத்தில் திரி உதிர்கிறது என்பதை எடைபோட்டுக் கணக்கிடச் சொல்லுங்கள். அம்மண்ணில் மணல் சேர்த்தால் என்ன ஆகிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். சுண்ணாம்பையும் ஆலைச் சாம்பலையும் பிள்ளைகள் கையாளவேண்டா. அவை ஆய்வுக்கூடத்துக்கு உரியவை. இச்சிறு சோதனைக்கு ஒரு தட்டும் தராசும் போதும். கலைச்சொல்லை மனப்பாடம் செய்த மாணவன் தேர்வில் எழுதுவான். பதத்தைக் கையால் அறிந்த மாணவன் மறவான்.

மாணவர்க்கும் ஒன்று. உங்கள் வீட்டு முதியோரிடம் தோட்டத்து மண்ணைப் பற்றியும் சடக்கு போட்டதைப் பற்றியும் ஆலைச் சாம்பலை எங்குக் கொட்டினர் என்பதைப் பற்றியும் கேட்டு, அவர்கள் வழங்கும் சொற்களை அப்படியே எழுதி வையுங்கள். அச்சொற்கள் மொழியாராய்ச்சிக்கு மட்டும் உதவுவன அல்ல. எந்த இடத்தில் எத்தகைய மண் இருந்தது, எங்கே என்ன கொட்டப்பட்டது என்பதற்கு வேறு பதிவு இல்லாத இடங்களில் அவையே பதிவாகும். நாளை அந்நிலத்தின்மேல் பள்ளியோ வீடோ சாலையோ எழுப்புவோர் அதனைத் தேடி வருவர்.